சேவூர் ஏரியில் எழுபத்திரண்டு தப்படி

அத்தியாயம் 17

சனிக்கிழமை சாயங்காலம் முத்துவேல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இளமதி இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அங்கேதான் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

கேள்வி சின்னதுதான். "நாளைக்கு உன் டீம்ல நான்தானே கேப்டன்?"

அவன் மறுபடி கேட்கவில்லை. கட்டிய பெண்டாட்டி வேறு யாரைப் போடுவாள் என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டான்.

கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆரணியைச் சுற்றி ஆறு வாரமாக ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடந்துகொண்டிருந்தது. சேவூரில் செல்போன் கடை வைத்திருக்கும் சதீஷ் அதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்திருந்தான். களத்தில் ஆடும் இருபத்திரண்டு பேரிலிருந்து பதினோரு பேரைப் பொறுக்கி ஆளுக்கொரு பட்டியல் அனுப்ப வேண்டும். அவர்கள் அடிக்கிற ரன்னும் எடுக்கிற விக்கெட்டும் நமக்குப் புள்ளி. நாம் கேப்டன் என்று குறித்தவருக்கு இரட்டிப்பு. டாஸ் போடுகிறவரை பட்டியலை மாற்றலாம். டாஸ் விழுந்ததும் எல்லோருடைய பட்டியலும் எல்லோர் போனுக்கும் வந்துவிடும். கடைசியில் முதலிடத்துக்கு ஒரு மிக்ஸி, மேடையில் ஒரு சால்வை.

நூற்றுப் பதினெட்டு பேர் சேர்ந்த அந்தக் குழுவில் ஐந்து வாரமாக இளமதிதான் முதலிடம்.

அவளுக்கு வேலை, பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது. நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைகிறவள். அதே கட்டத்தாளில் போட்டி நடக்கும் மூன்று இடங்களையும் வரைந்து வைத்திருந்தாள். களம்பூர் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்ட் களம் ஒன்று. அங்கே பந்து இடுப்புக்கு மேல் எழும்பும். லெக் பக்கம், அதாவது ஆடுகிறவனின் கால் பக்கம், நாற்பத்தெட்டே தப்படியில் கிடங்குச் சுவர். சேத்துப்பட்டில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் திடல் இன்னொன்று. அங்கே மதியத்துக்கு மேல் காற்று அடித்தால் யார் அடித்த பந்தும் பின்னாலேயே வரும். மூன்றாவது சேவூர் ஏரி. காய்ந்த களிமண். பந்து நின்று நின்று வரும், முழங்காலைத் தாண்டாது. கரைப்பக்கம் ஐம்பது தப்படி, வயல் பக்கம் எழுபத்திரண்டு. இந்தப் போட்டியில் பந்துவீச்சு எப்போதும் ஒரே முனையிலிருந்துதான். அதனால் வலக்கை ஆட்டக்காரனுக்குச் சேவூரில் வயல் பக்கமே லெக் பக்கம்.

முத்துவேல் வலக்கை ஆட்டக்காரன். ஆலை லாரி ஓட்டுகிறவன், களம்பூர் ஆலை அணிக்கு ஆடுகிறான். அந்தச் சிமெண்ட் களத்தில் பதினான்கு சிக்ஸர் அடித்திருந்தான். எல்லாமே லெக் பக்கம், கிடங்குச் சுவருக்கு மேலே. சுவருக்கு அப்பால் பந்து விழுந்த இடங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இளமதியே நடந்து அளந்தாள். ஒன்றுகூட அறுபத்தைந்து தப்படியைத் தாண்டவில்லை.

களம்பூரில் ஆட்டம் நடந்த நாட்களில் எல்லாம் அவனைத்தான் கேப்டனாகப் போட்டாள். புள்ளிகள் குவிந்தன. அவன் அந்தப் பட்டியலை ஸ்டேட்டஸில் வைத்து ஆலை முழுக்கக் காட்டினான்.

இறுதி ஆட்டம் சேவூர் ஏரியில். எதிரணி சேவூர். அதில் இடக்கை சுழல்பந்து போடுகிறவன் ராஜவேலு. அவன் இளமதியின் சொந்த அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டாஸ் விழுந்தது. ஏரிக்குள் ஷாமியானா போட்டிருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் இளமதியும் அவள் மாமியார் காசியம்மாளும் இருந்தார்கள். அடுத்த நிமிடம் அங்கிருந்த அத்தனை போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின.

இளமதியின் பட்டியலில் முத்துவேல் பெயர் இல்லை. கேப்டன் என்ற இடத்தில் ராஜவேலு.

களம்பூர் அணிக்கு உண்மையான கேப்டன் சின்னதுரை, ஆலையில் மேஸ்திரி. அவன்தான் முதலில் பார்த்தான். போனை முத்துவேல் பக்கம் நீட்டி, வீட்டுச் சோறு உனக்கு, ஓட்டு மட்டும் பிறந்த வீட்டுக்கா என்று கேட்டானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துவேல் சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷாமியானாவைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவன் எங்கே பார்க்கிறான் என்று இளமதிக்குத் தெரிந்தது.

அவளுக்கு அப்போதுகூடப் பயம் வரவில்லை. சேவூரில் பந்து எழும்பவே மாட்டேங்குது, அந்த ஏரியே எனக்கு ஆகாது என்று போன மாதம் அவனே வீட்டில் புலம்பியிருந்தான். அவனுக்குப் புரியும் என்றுதான் அவள் நம்பினாள். பைக்கில் வரும்போதுகூட இரண்டு முறை போனை எடுத்தாள். மாற்றினால் அது பொய்க் கணக்கு என்று உள்ளே வைத்துவிட்டாள்.

முதலில் ஆடிய சேவூர் பத்து ஓவரில் எண்பத்தொரு ரன் எடுத்தது. அந்த மண்ணில் அது பெரிய எண்ணிக்கை. களம்பூர் ஆட வந்து, மூன்றாவது ஓவரில் முதல் விக்கெட் விழுந்ததும் முத்துவேல் இறங்கினான். பந்து ராஜவேலு கையில்.

மைக் சதீஷ் கையில். ஆறு வாரமாக வர்ணனை சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் நீண்டிருந்தது. மாப்பிள்ளையும் மச்சானும் நேருக்கு நேர் என்று ஆரம்பித்தான். ஏரிக்கரையில் நின்ற கூட்டம் விசில் அடித்தது.

முதல் பந்து மட்டைக்குக் கீழே புகுந்து போனது. இரண்டாவது கால் கட்டைவிரலில் பட்டது. ஒரு ரன் தட்டிவிட்டு நின்றிருந்தால் அன்றைக்கு எதுவும் நடந்திருக்காது. முத்துவேலுக்கு ரன் வேண்டியிருக்கவில்லை. சிக்ஸர் வேண்டியிருந்தது. அதுவும் வயல் பக்கம்.

மூன்றாவது பந்தை முட்டி போட்டு இழுத்தான். நன்றாகவே பட்டது. களம்பூரில் அது கிடங்குக் கூரை மேல் விழுந்திருக்கும். இங்கே வயல் ஓரம் நின்றிருந்தவன் ஓர் அடிகூட நகராமல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

சதீஷ் மைக்கில் சொன்னதை அங்கிருந்த நானூறு பேரும் கேட்டார்கள்.

"இளமதி அக்கா போட்ட கணக்கு தப்புமா? கட்டினவரையே கழட்டி வுட்டுட்டாங்க. அண்ணனுக்கு டபுள் பாயிண்ட்டு, மாமாவுக்கு முட்டை!"

கூட்டம் கொக்கரித்தது. சதீஷ் அதோடு விடவில்லை. இரண்டாம் முறையும் சொன்னான்.

முத்துவேல் தன் அணி உட்கார்ந்திருந்த பக்கம் போகவில்லை. மட்டையைக் கையில் பிடித்தபடி நேராக ஷாமியானாவுக்கு நடந்தான். அவசரமில்லாத நடை. தண்ணீர் குடிக்க வருகிறான் என்று நினைத்து ஒரு பெண் சொம்பை எடுத்து நீட்டினாள்.

அவன் இளமதி முன்னால் வந்து நின்றான்.

"எல்லாரும் சிரிச்சிகினு கீறாங்க. நீயும் சிரி."

"நான் சிரிக்கலைங்க. இந்த கிரவுண்டுல அடிக்க முடியாதுன்னு நீங்கதான..."

முடிக்கவில்லை. மட்டை அவள் முகத்தை நோக்கி வந்தது. வலது கையைக் குறுக்கே தூக்கினாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். அவன் மறுபடி ஓங்கினான். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது காசியம்மாள் மட்டையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். பெற்றவள் என்றும் பாராமல் அவன் உதறினான். அவள் கூடார முளையில் போய் விழுந்தாள்.

ராஜவேலு அதற்குள் பாதி மைதானத்தைக் கடந்திருந்தான். ஓடி வரும்போதே ஒரு ஸ்டம்பைப் பிடுங்கியிருந்தான். எதற்குப் பிடுங்கினேன் என்று அவனுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. தங்கை தரையில் கிடந்தாள். கை வேறு பக்கம் மடங்கியிருந்தது. அவன் ஸ்டம்பைத் தலைக்கு மேலே தூக்கி முத்துவேலின் இடது காதுக்கு மேலே ஓர் அடி அடித்தான். முத்துவேல் திரும்பினான். நெற்றியில் இன்னொரு அடி. டென்னிஸ் பந்து ஆட்டத்தில் யார் தலைக்கவசம் போடுகிறார்கள்? மாடு மண்டிபோடுவதுபோல் முட்டிபோட்டு, பிறகு முகம் குப்புற விழுந்தான்.

அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலை ஆட்கள் நாற்காலிகளைத் தூக்கினார்கள். சேவூர் ஆட்கள் கூடாரக் கம்புகளை உருவினார்கள். ஷாமியானா ஒரு பக்கமாகச் சரிந்து பெண்கள் மேல் விழுந்தது. சதீஷை மேடையிலிருந்து இழுத்துப் போட்டு, மைக் வயரைக் கழுத்தில் சுற்றி, வாயிலேயே குத்தினார்கள். அவன் முன்பற்கள் இரண்டும் களிமண்ணில் கிடந்தன. சின்னதுரை ராஜவேலுவைக் கீழே தள்ளி விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தான். ராஜவேலு கையைக்கூடத் தூக்கவில்லை. குப்புறக் கிடந்த மைத்துனனைப் பார்த்தபடியே உதை வாங்கினான்.

போலீஸ் ஜீப் கரை மேல் ஏறியதும் கூட்டம் வயல் வழியாகக் கலைந்தது.

மதியம் ஒரு மணிக்கு ஆரணி அரசு மருத்துவமனையில் கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருந்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. இளமதியின் வலது கைக்கு முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. முத்துவேலுக்குத் தலையில் பதினோரு தையல். கண் திறந்து பேசினான். தண்ணீர் கேட்டான். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ராஜவேலு காவல் நிலையத்தில் இருந்தான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீயணைப்புத் துறை வேலைக்குத் தேர்வாகி, உடல் தகுதியில் தேறி, ஆணைக்காகக் காத்திருந்தான். அவன் மேல் வழக்கு உண்டா என்று போலீசார் விசாரித்து எழுதும் கடிதம் ஒன்றுதான் பாக்கி. நாலு வருடம் விடியற்காலை ஏரிக்கரையில் ஓடி ஓடி வாங்கிய இடம்.

அது சின்னதுரைக்கும் தெரியும். ரத்தக்கறை சட்டையோடு அவன் திரைக்கு இந்தப் பக்கம் வந்து, தாழ்ந்த குரலில் இளமதியிடம் பேசினான். கலவரத்தில் யாரோ தள்ளி விழுந்து கை முறிந்தது என்று அவள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முத்துவேல் அடித்தான் என்ற பேச்சே வரக்கூடாது. அப்படிச் செய்தால் முத்துவேலும் அடித்தவனை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிடுவான். அண்ணனுக்கு வேலை நிற்கும், புருஷனுக்கு மானம் நிற்கும். இல்லையென்றால் ராஜவேலு மேல் கொலை முயற்சிப் புகார். ஆலையிலிருந்து இருபது பேர் சாட்சிக்கு வருவார்கள்.

"ரெண்டு வூடும் தப்பிச்சிக்கும். ஜல்தியா யோசிச்சி சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இளமதி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வலி கையில் இருந்ததைவிடத் தோளில் அதிகமாக இருந்தது. சொல்லிவிடலாம். விழுந்தேன் என்ற ஒரே சொல். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் ஒருமுறை அறைந்து கன்னம் வீங்கியபோது, பல்வலி என்று வேலைக்கு லீவு சொன்னவள்தானே அவள். அன்றைக்கு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்ட காசியம்மாள் இப்போது நெற்றியில் பிளாஸ்திரியோடு காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்குத் தலைமைக் காவலர் துர்கா வாக்குமூலம் எழுத வந்தார். நாற்பது வயதுப் பெண். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, கை எப்படி உடைந்தது என்று கேட்டார்.

இளமதி வாயைத் திறந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். கதவருகே சின்னதுரை நின்றான். ராஜவேலு விடியற்காலையில் ஓடுவது அவள் கண்முன்னால் வந்தது.

பதில் காசியம்மாளிடமிருந்து வந்தது.

"என் புள்ள அடிச்சாங்க. பேட்டால. இவ முழுசா ஒரு பேச்சு பேசி முடிக்கல, அதுக்குள்ள அடிச்சான்."

சின்னதுரை உள்ளே வந்து, பெரியம்மா மண்டையில் அடிபட்டு ஏதோ உளறுகிறது என்றான். துர்கா பேனாவை நிறுத்தாமல், அவனை வெளியே நிற்கச் சொன்னார்.

"நான் உளறல. பேட்டைப் புடிச்சது நானு. என்னையும் உதறினான். அதுக்கப்பறம்தான் ராஜவேலு வந்தான். அவனும் அடிச்சான், ரெண்டு அடி. விழுந்தவனை அடிக்கல. அதையும் எழுதிக்க."

திரை சரக்கென்று விலகியது. முத்துவேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். தலைக்கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம்.

"யம்மா, நீயுமா?"

காசியம்மாள் எழுந்து அவனருகே போனாள். அவன் தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"போன தபா நான் கம்முனு இருந்தேன்டா. அதான் இன்னைக்கு பேட்டு எடுத்த."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல் குழறியது. வலது கையைத் தூக்கப் பார்த்தான், அது வரவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கட்டில் ஓரமாக வாந்தி எடுத்தான். ஒரு முறை, பிறகு நிற்காமல்.

நர்ஸ் ஓடி வந்தார். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கண்ணின் பாவை விரிந்து கிடந்தது. தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே வேலூர் கொண்டுபோக வேண்டும் என்றார். ஐந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது முத்துவேல் கண்ணை மூடியிருந்தான்.

கூட ஒரு ஆள்தான் வரலாம் என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

இளமதி கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். கால் செருப்பைத் தேடியது. அடித்தவன்தான். ஆனால் நாலு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவன், அவளை முதலிடத்தில் பார்த்து ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாசலுக்கு நடந்தாள்.

காசியம்மாள் ஆம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்தபடி அவளைத் தடுத்தாள்.

"நீ வராதம்மா. அவன் எனக்குப் புள்ள, நான் பாத்துக்கறேன். நீ வண்டி ஏறினன்னா கையெழுத்து இல்லாம அந்தக் காகிதம் அப்படியே போயிடும்."

கதவு மூடியது.

துர்கா தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்திருந்தார். காசியம்மாள் சொன்னதை வைத்து இளமதியின் புகாராக எழுதியிருந்ததை நிதானமாக வாசித்துக் காட்டினார். ஒன்றை மறைக்காமல் சொன்னார். வேலூரில் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ராஜவேலு மேல் வரும் வழக்கே வேறு. அப்போது இந்தப் புகாரை, அண்ணனைக் காப்பாற்ற எழுதியது என்றுதான் ஊர் பேசும். அவன் பிழைத்து வந்தால், அவன் இருக்கும் வீட்டுக்கு அவள் திரும்பிப் போக வேண்டியிருக்கும். இரண்டையும் யோசித்துக்கொள்ளச் சொன்னார்.

"நடந்ததுதான எழுதியிருக்கீங்க?"

"நடந்தது மட்டும்தான்."

வலது கையால் பேனா பிடிக்க முடியாது. இடது கைக்கு எழுத்து வராது. துர்கா பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். எம்.எஸ்.சி. கணிதம் படித்தவள், இடது கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளின் கீழே வைத்தாள். ரேகை கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது. துர்கா இன்னொரு முறை வைக்கச் சொன்னார். வைத்தாள்.

விரலில் மையோடு நிமிர்ந்தபோதுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"வண்டி ஏறும்போது அவருக்கு நெனவு இருந்துதுங்களா?"

துர்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சைரன் சத்தம் அதற்குள் வேலூர் சாலையில் தேய்ந்துவிட்டிருந்தது.